வாசகர் கேள்வி – பதில்: ஓர்வெல் பட்டதும் எழுதியதும்

சென்ற இதழில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவலைப் பற்றி ஓர் அறிமுகம் வெளியாகியிருந்தது. பண்ணைக்காரன் ஜோன்ஸை விரட்டிய மிருகங்களுக்குப் பன்றிகளே எஜமானர்களாகிவிடுவதுதான் கதை; போட்டித் தலைவர்களான இரு பன்றிகளில் நெப்போலியன் ஸ்னோபோலைத் துரத்திவிடுகிறது. அதைப் படித்த வாசகர்கள் மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

“நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்னோபோல் என்றால் ட்ரொட்ஸ்கி என்று பொருத்திக் காட்டுவதோடு வகுப்பில் பாடம் முடிந்துவிடுகிறது. ஓர்வெல் ரஷ்யாவுக்குப் போனதே இல்லையாம். போகாத நாட்டைப் பற்றி எப்படி இவ்வளவு துல்லியமாக எழுதினார்?”
– ஆசிரியை, ஹட்டன்

ரஷ்யாவுக்குப் போகவில்லைதான். 1947இல் வந்த உக்ரேனிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஸ்பெயினுக்குப் போனார். நாவலுக்கு வித்து விழுந்தது அங்கேதான்.

1936 டிசம்பரில் பார்சலோனாவுக்குப் போய், உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்த பாசிஸ்ட் தளபதி பிராங்கோவோடு போராடும் படையொன்றில் சேர்ந்தார். மொஸ்கோ சொல்வதற்குத் தலையாட்டாத ஒரு சிறிய இடதுசாரிக் கட்சியின் படை அது. அரகோன் போர்முனையில் குளிரிலும் பேன்கடியிலும் மாதக்கணக்காகக் கிடந்தார். 1937 மே 20ஆம் திகதி ஊவெஸ்கா நகருக்கு அருகே எதிரியின் குண்டு அவருடைய கழுத்தைத் துளைத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தார், குரல் கம்மிப்போனது. வைத்தியசாலையிலிருந்து வெளியே வந்தபோது, ஜூன் 16இல் அவருடைய கட்சியே, மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்டுகளின் அழுத்தத்தால், அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்தக் குடியரசு அரசாங்கத்தாலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. பாசிஸ்டுகளின் கையாட்கள் என்பது குற்றச்சாட்டு. அவருடைய மனைவி ஐலீன் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குள் இரவில் பொலிஸார் நுழைந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, விரிப்புகளைத் தூக்கிப் பார்த்து, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அள்ளிச் சென்றார்கள். ஐலீன் படுத்திருந்த கட்டிலை மட்டும் தொடவில்லை. ஜூன் 23இல் இருவரும் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் போனார்கள். உடனிருந்த தோழர்கள் சிலர் சிறையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

பாசிஸ்டின் குண்டைக் கழுத்தில் வாங்கியவனுக்குப் பாசிஸ்டின் கையாள் என்று பெயர் சூட்டினார்கள். இங்கிலாந்துக்குத் திரும்பினால் அங்குள்ள இடதுசாரிப் பத்திரிகைகள் பலவும் அதையே எழுதிக்கொண்டிருந்தன. நடக்காத சண்டைகள் செய்தியாக வந்தன. நடந்தவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நாவலில் ஸ்னோபோலின் கதையைப் படித்துப் பாருங்கள். வகுப்புக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

கரும்பலகையில் ஐந்து பத்தி கீறி, அத்தியாய எண்களைத் தலைப்பாக இடுங்கள். நான்காம் அத்தியாயத்தில், மாட்டுக்கொட்டில் சண்டையில் ஸ்னோபோல் முன்னால் பாய்கிறது. ஜோன்ஸின் துப்பாக்கிச் சன்னங்கள் அதன் முதுகில் இரத்தக் கோடு கிழிக்கின்றன. எல்லா மிருகங்களும் கண்ணால் பார்க்கின்றன. ஐந்தில், அந்த வீரம் மிகைப்படுத்தப்பட்டது என்கிறது நெப்போலியனின் பேச்சாளனான பன்றி ஸ்குவீலர். ஏழில், ஸ்னோபோல் ஆரம்பத்திலிருந்தே ஜோன்ஸின் ஆள் என்றாகிறது. “காயம் பட்டதே” என்று உழைப்பாளிக் குதிரை பொக்ஸர் கேட்க, அதுவும் ஏற்பாட்டின் ஒரு பகுதி என்று பதில் வருகிறது. எட்டில், அதற்கு வீரப் பதக்கமே கொடுக்கப்படவில்லை, கோழைத்தனத்துக்காகக் கண்டிக்கப்பட்டது என்கிறார்கள். ஒன்பதில், அது பகிரங்கமாகவே மனிதர் பக்கம் நின்று போரிட்டது. முதுகிலிருந்த காயம் நெப்போலியன் கடித்த தடம்! பிள்ளைகளை ஒவ்வொரு பத்தியிலும் அந்த அத்தியாயத்தின் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும், பொய் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். காயத்தை மறுக்க முடியாதபோது, அதை யார் உண்டாக்கியது என்பதை மாற்றுகிறார்கள். இது ஸ்டாலின் நாடுகடத்திய புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கிக்கு நடந்தது, ஓர்வெல்லுக்கும் நடந்தது. பாத்திரங்களைப் பொருத்திக் காட்டுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெயரை மனனம் செய்துவிட்டுக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

“பர்மாவில் வெள்ளைக்காரனின் பொலிஸ் அதிகாரியாக இருந்தவர் ஓர்வெல். அடக்குமுறையின் கருவியாக இருந்தவரின் அரசியல் எழுத்தை நம்பலாமா?”
– வாசகர், கண்டி

அவர் கருவியாக இருந்தார் என்பதால்தான் அந்த எழுத்துக்குப் பலம் வந்தது. எரிக் ஆர்தர் பிளேயர் என்ற இயற்பெயருடன் 1903 ஜூன் 25இல் இந்தியாவின் மோத்திஹாரியில் பிறந்தார். தகப்பனார் பிரித்தானிய அரசின் அபின் இலாகாவில் உத்தியோகத்தர். தாயார் பர்மாவின் மௌல்மேனில் வளர்ந்தவர். 1922இல் பத்தொன்பது வயதில் பர்மாப் பொலிஸில் சேர்ந்து ஐந்து வருடங்கள் இருந்தார். 1927இல் விடுமுறையில் போனவர் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அந்த ஐந்து வருடங்களிலிருந்து வந்ததுதான் 1931இல் வெளியான தூக்குத் தண்டனைக் கட்டுரை. தூக்குமேடைக்கு நடத்திச் செல்லப்படும் கைதி, வழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கால் படாமல் ஒதுங்கி நடக்கிறான். இன்னும் ஒரு சில நிமிடங்களில் சாகப்போகிறவனின் அந்த ஓர் அடியில் கட்டுரை முழுதும் நிற்கிறது. கண்டி வாசகருக்கு இன்னொரு தகவல்: ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையில் இருந்தார். கண்டிக் கச்சேரியில் பணிபுரிந்த காலத்தில் போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேறுவதை முன்னின்று பார்ப்பது அவருடைய கடமைகளில் ஒன்று. பின்னாளில் தன்வரலாற்றில் அதைக் கசப்போடு எழுதினார். அவரும் உத்தியோகத்தை உதறிவிட்டு ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதியவர். இருவரையும் சேர்த்துப் படிப்பது பயன் தரும். அதிகாரம் எப்படி நடக்கிறது என்பது அதன் மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் ஆணி வேர்வரை தெரியும்.

1934இல் வந்த ‘பர்மிய நாட்கள்’ நாவலில், ஒரு சிறு நகரத்து வெள்ளையர் கிளப்பில் உள்ளூர்க்காரர் ஒருவரை அங்கத்தவராகச் சேர்ப்பதா என்று சண்டை. துரைமார் கிளப்புகளை வாசலுக்கு வெளியே நின்று பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அதை உள்ளேயிருந்து ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த நாவலைப் படியுங்கள். அவதூறு வழக்குக்குப் பயந்து லண்டனில் வெளியிடத் தயங்கினார்கள். முதலில் நியூயோர்க்கில்தான் வெளிவந்தது. மறுவருடம் லண்டனில் பெயர்களை மாற்றிப் போட்டார்கள்.

“பீ.பீ.சி.யில் ஓர்வெல்லோடு ஒரு தமிழர் பணியாற்றினார் என்பது உண்மையா?”
– வாசகர், தலவாக்கலை

நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தார் என்பதே சரி. இலங்கைத் தமிழரான கவிஞர் மீ. ஜே. தம்பிமுத்து, லண்டனில் 1939இல் ‘பொயட்ரி லண்டன்’ இதழைத் தொடங்கியவர். 1942இல் பீ.பீ.சி. கீழைத்தேய சேவைக்காக ஓர்வெல் நடத்திய கவிதை நிகழ்ச்சியின் புகைப்படத்தில் தம்பிமுத்து, டி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோர் உட்கார்ந்திருக்க, பின்னால் ஓர்வெல் நிற்கிறார்.

1941 ஓகஸ்ட் முதல் 1943 நவம்பர் வரை அந்த வேலை. இந்தியாவைத் தன் கையில் வைத்துக்கொண்டே, சுதந்திரத்துக்காகப் போராடுகிறோம் என்று இந்தியருக்கு ஒலிபரப்பியது பிரித்தானியா. ஒவ்வொரு பிரதியும் தணிக்கையாளரின் முத்திரை விழுந்த பிறகே மைக்குக்குப் போகும். போரின் தொடக்கத்தில் ஐலீனும் தகவல் அமைச்சின் தணிக்கைப் பிரிவில் வேலை செய்தார். அந்த அமைச்சு இயங்கிய லண்டன் செனட் ஹவுஸ் கட்டடந்தான் பின்னர் ‘1984’ நாவலில் பொய்களைத் தயாரிக்கும் ‘உண்மை அமைச்சாக’ உயர்ந்து நிற்கிறது. பீ.பீ.சி.யை விட்ட அதே நவம்பரில் ‘விலங்குப் பண்ணை’யை எழுதத் தொடங்கி 1944 பெப்ரவரியில் முடித்தார்.

“ஓர்வெல்லுக்கு நமது தேயிலை பிடிக்குமாமே?”
– வாசகர், நானுஓயா

பிடிக்கும். 1946 ஜனவரி 12ஆம் திகதி ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் எழுதினார். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலை என்பதுதான் முதல் விதி. ஏறக்குறைய 1.1 லீற்றர் கொள்ளும் தேநீர்ப் பாத்திரத்துக்குக் கூம்பாக ஆறு தேக்கரண்டித் தூள். தேநீரை ஊற்றிய பிறகே பால். சீனி கூடவே கூடாது. அப்போது பங்கீட்டில் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவுதான் கிடைத்தது என்பதை நினைத்தால் அந்த ஆறு கரண்டி எவ்வளவு பெரிய ஆசை என்பது விளங்கும். கொழுந்து பறித்த கைகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. சுரங்கத் தொழிலாளிகளின் முதுகுத் தழும்பைக்கூடக் கவனித்து எழுதியவரிடம் நாம் எதிர்பார்த்திருக்கக்கூடியது அது.

“அரசியல்வாதிகளைச் சாடிக் கதை எழுதினால் என்னுடையது வெறும் ஏச்சாகிப் போகிறது. ஓர்வெல்லிடம் என்ன கற்கலாம்?”
– இளம் எழுத்தாளர், மஸ்கெலியா

ஆளைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அளவுகளை எழுதுங்கள். நாவலில் அநியாயம் எங்கே ஆரம்பிக்கிறது? நாய்கள் குரல்வளையைக் கடிக்கும் இடத்தில் இல்லை. ஐந்து வாளிப் பால் காணாமல் போகும் இடத்தில் ஆரம்பிக்கிறது. பிறகு அது பன்றிகளின் தீனித் தொட்டியில் கலக்கப்படுகிறது என்பது தெரியவருகிறது. அந்தப் பாலும் ஆப்பிளுந்தான் கதையின் திருப்புமுனை என்று ஓர்வெல்லே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தீனியைக் குறைக்கும்போது ஸ்குவீலர் ஒருபோதும் ‘குறைப்பு’ என்று சொல்வதில்லை, ‘சீரமைப்பு’ என்கிறது. ‘1984’இல் சொக்கலேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. மறுநாள் அதை 20 கிராமாக உயர்த்தியதற்காகத் தலைவருக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போகிறார்கள். வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. போர்க்காலப் பங்கீட்டு அட்டையும் உணவு அமைச்சில் ஐலீன் பார்த்த வேலையும் அவருடைய வீட்டு நடப்புகள். அங்கிருந்துதான் இந்தக் கிராம்கள் வருகின்றன.

உங்களுக்கும் உங்கள் கிராம்கள் இருக்கின்றன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள், எத்தனை கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), தொழிற்சங்கச் சந்தா எந்த மாதம் கூடியது, மேடையில் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் – இவற்றைத் திகதியோடு குறித்து வையுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். அவருடைய எழுத்தில் பிரட்டுக்களமும் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) லயமும் உறுதியாகக் காலூன்றி நிற்பதற்கு அந்த நெருக்கம்தான் காரணம்.

இன்னொன்று, எதிரிக்கும் நீதி செய்யுங்கள். ‘விலங்குப் பண்ணை’யில் காற்றாலை வெடித்துச் சிதறும்போது நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன என்றுதான் ஓர்வெல் முதலில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் தறுவாயில், 1945 மார்ச்சில், “நெப்போலியன் தவிர” என்று மாற்றச் சொன்னார். ஜேர்மன் படை நெருங்கி வந்தபோதும் ஸ்டாலின் மொஸ்கோவை விட்டு ஓடவில்லை. கோழை என்று காட்டினால் அது பொய். தனக்குப் பிடிக்காத கொடுங்கோலனுக்காக ஒரு சொல்லைத் திருத்திய இந்த நேர்மை இல்லாவிட்டால் மீதிப் பக்கங்களை நம்ப முடியாது.

“ஓர்வெல் சோசலிசத்தின் எதிரிதானே? முதலாளித்துவ நாடுகள்தானே அவரைத் தூக்கிப் பிடித்தன?”
– தொழிற்சங்க ஊழியர், பதுளை

தூக்கிப் பிடித்தது உண்மை. 1954இல் வெளிவந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் அமெரிக்க சீ.ஐ.ஏ.யின் பணம் இருந்தது, முடிவையும் மாற்றினார்கள். நாவலின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் சீட்டாடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மிருகங்களுக்கு யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. படத்தில் அந்த மனிதர்களையே எடுத்துவிட்டார்கள். பன்றியும் முதலாளியும் ஒன்று என்ற பாதி போய்விட்டது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு முடிவை எழுத வேண்டாம்.

ஓர்வெல் கடைசிவரை தன்னை ஜனநாயக சோசலிசவாதி என்றே சொன்னார். அதே சமயம், 1949இல் நோய்ப் படுக்கையில் இருந்தபோது, கம்யூனிஸ்ட் சார்பானவர்கள் என்று தான் கருதிய 38 பேரின் பெயர்களைப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சின் பிரசாரப் பிரிவுக்குக் கொடுத்தார். ஸ்பெயினில் தானும் வேட்டையாடப்பட்டவர் அதைச் செய்தது வருத்தத்துக்குரியது. அதற்கு நியாயம் சொல்ல நாம் தயாரில்லை.

நாவல் எழுதி முடித்த காலத்தில் நிலைமை நேர்மாறு. ரஷ்யா கூட்டாளி நாடு என்பதால் கொலன்ஸ், ஜொனதன் கேப், எலியட் இருந்த ஃபேபர் எனப் பதிப்பகத்தார் வரிசையாகக் கைவிரித்தார்கள். 1944 ஜூன் இறுதியில் ஜேர்மன் பறக்கும் குண்டால் வீடு சேதமானபோது கையெழுத்துப் பிரதியை இடிபாடுகளுக்குள் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. 1945 ஓகஸ்ட் 17இல் செக்கர் அண்ட் வோபர்க் வெளியிட்டபோது அச்சானவை 4,500 பிரதிகள்.

“எங்கள் தோட்ட இளைஞர் மன்றம் ‘விலங்குப் பண்ணை’யைத் திறந்தவெளி நாடகமாகப் போட விரும்புகிறது. எப்படிச் சுருக்குவது? அனுமதி வேண்டுமா?”
– மன்றச் செயலாளர், பூண்டுலோயா

பத்து அத்தியாயத்தையும் போட முயன்றால் மூன்று மணித்தியாலம் ஆகும், பாதியில் கூட்டம் கலையும். 45 நிமிடம் போதும். ஐந்து காட்சிகள்: புரட்சிக்கு அழைக்கும் கிழட்டுப் பன்றி மேஜரின் பேச்சு, பால் மறைவது, கோழிகளின் எதிர்ப்பு, பொக்ஸரின் வண்டி, கடைசிச் சீட்டாட்டம். ஒன்பது பேர் இருந்தால் நடத்தலாம்.

மேடைக்குப் பின்னால் எட்டுக்கு நான்கு அடி பலகை ஒன்றைக் கறுப்பாக்கி நிறுத்துங்கள். மிருகங்கள் தமக்கென வகுத்துக்கொண்ட ஏழு கட்டளைகளும் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கட்டும். முப்பது அடிக்கு அப்பாலிருந்து படிக்க எழுத்து மூன்று அங்குல உயரம் வேண்டும். ஏழு வரியும் அடங்கும். சோக்கில் எழுதினால் பனித் தூறலில் கரைந்துவிடும், பெயின்ட்டைப் பாவியுங்கள். இடப்பக்கம் இரண்டரை அடியை வெறுமையாக விடுவது முக்கியம். “மது அருந்தக் கூடாது” என்பதற்கு முன்னால் “அளவுக்கு மீறி” என்றும், “கொல்லக் கூடாது” என்பதற்கு முன்னால் “காரணமின்றி” என்றும் ஸ்குவீலர் இரவில் வந்து எழுத அங்கேதான் இடம். லாந்தர் வெளிச்சத்தில் ஏணி முறிந்து ஸ்குவீலர் பெயின்ட் டின்னோடு விழும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

முகம் முழுதும் மூடும் முகமூடி வேண்டாம்; திறந்தவெளியில் வசனம் வாய்க்குள்ளேயே அமுங்கிவிடும். நெற்றியில் கட்டும் அட்டை முகம் போதும். எல்லா மிருகங்களும் இரண்டடித் தடிகள் இரண்டை முன்னங்கால்களாக ஊன்றிக் குனிந்து நடக்கட்டும். கடைசிக் காட்சியில் பன்றிகள் தடிகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், இரண்டு காலில் நடக்கின்றன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே ஆளை ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து குனிய வைக்காதீர்கள், இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

பொக்ஸர் காட்சிக்கு எண்களை நாவலிலிருந்தே எடுங்கள். குதிரைக்குப் பன்னிரண்டு வயதில் ஓய்வு. ஓய்வூதியம் நாளுக்கு ஐந்து இறாத்தல் தானியம், மாரியில் பதினைந்து இறாத்தல் வைக்கோல், விடுமுறை நாளில் ஒரு கரட் அல்லது ஆப்பிள். ஓய்வுபெற்றவர்களுக்கென ஒதுக்கிய புல்தரையை உழுது பார்லி விதைக்கிறார்கள். அந்தப் பார்லி பன்றிகளுக்குப் பியர் ஆகிறது. பொக்ஸரை ஏற்றிப் போகும் வண்டியின் பக்கப்பலகையில் குதிரை அறுப்பவனின் பெயர். சேமலாப நிதிக்காக அலைந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். வசனத்தைக் கூட்டாமல் எண்களை மெதுவாகச் சொன்னாலே போதும்.

கோழிகளின் காட்சியில் ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு 400 முட்டை விற்க உத்தரவு, கோழிகள் உத்தரத்தில் ஏறி முட்டையை உடைக்கின்றன, தீனி நிறுத்தப்படுகிறது, ஐந்து நாளில் ஒன்பது கோழிகள் சாகின்றன. இதை 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்ட போராட்டத்தோடு இணைக்கத் தோன்றும். இணைக்காதீர்கள். சனங்களின் மனம் உடனே வெள்ளைக்காரத் துரையிடம் போய்விடும். கோழிகளைப் பட்டினி போட்டது துரை இல்லை, அவர்களோடு சேர்ந்து துரையை விரட்டிய தலைவர்கள். அதே காரணத்துக்காக இன்றைய தலைவர் எவரின் குரலையும் நடையையும் நெப்போலியனுக்குக் கொடுக்க வேண்டாம். பார்ப்பவர்கள் அந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் தலைவரை மறந்துவிடுவார்கள்.

அனுமதி: ஓர்வெல் 1950 ஜனவரி 21இல் காலமானார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடங்கள்வரை பதிப்புரிமை உண்டு; அது 2020உடன் முடிந்துவிட்டது. மூலத்திலிருந்து நீங்களே தமிழாக்கி நாடகமாக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. க. நா. சு. போன்றோரின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே எடுப்பதானால், மொழிபெயர்ப்பின் உரிமை வேறு என்பதால் அதன் பதிப்பகத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள்.